1.7 டன்னில் அறுந்த 8 டன் கயிறு

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றின் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் எந்திரம்) கயிறு, வேலை நடுவே அறுந்தது. தளம் நிலையானது, பின்னால் கழற்றி மாட்டும் இரண்டு ராம்ப், தளத்தின் முன்தலையில் 24 வோல்ட் மின்சார வின்ச், இழுவைத் திறன் 4 டன். கயிறு 10 மி.மீ. பருமன், 25 மீட்டர் நீளம், 12 புரிப் பின்னல், எச்.எம்.பி.இ. எனப்படும் பாலிஎத்திலீன் இழை. கடையில் டைனீமா என்று கேட்டு வாங்குவது இந்த வகையைத்தான். கம்பிக் கயிற்றைக் கழற்றிவிட்டு இதைப் போட்டு 14 மாதம் ஆகியிருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு நான்கு சக்கரமும் சுழலாத 2.2 டன் வேனை இழுக்கும்போது, முன்சக்கரம் ராம்பின் அடியில் ஏறத் தொடங்கிய கணத்தில், கொக்கியிலிருந்து 1.6 மீட்டரில் கயிறு போனது. சக்கரம் பூட்டியிருந்ததால் வேன் அங்கேயே நின்றது. சக்கரம் சுழலும் வண்டியாக இருந்து, பாதி ராம்ப் ஏறியும் இருந்தால், பின்னால் நின்றவர் மேல் உருண்டு இறங்கியிருக்கும்.

அறுந்த கயிற்றைப் பட்டறையில் இறக்கிவைத்த டிரைவர் சொன்னது: "வெயில்தாண்ணே தின்னுடுச்சு. ராப்பகலா வெளியதானே நிக்குது. நல்ல கவர் ஒண்ணு தைச்சுப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்."

கயிற்றைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆரஞ்சு நிறம் திட்டுத் திட்டாக வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. மேலெல்லாம் பஞ்சு கிளம்பியிருந்தது. கவர் போடுவது நல்லதுதான், அதற்கும் வருவோம். ஆனால் கவர் இருந்திருந்தாலும் இந்தக் கயிறு இதே இடத்தில்தான் அறுந்திருக்கும். வெயில், விளிம்பு, சூடு மூன்றும் ஒரே கயிற்றை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு விதமாகத் தின்கின்றன. எது எங்கே தின்றது என்று பார்க்காமல் வாங்குகிற பாதுகாப்பு, தேவையில்லாத இடத்தில் போய் உட்காரும்.

முதலில் சுமை

10 மி.மீ. எச்.எம்.பி.இ. கயிறு புதிதில் 8 டன்னுக்கு மேல் தாங்கும். அறுந்த நேரத்தில் அதன்மேல் எவ்வளவு இருந்தது? வேனின் பாதி எடை இன்னும் சாலையில், பாதி ராம்பில். ராம்பின் நீளம் 2.5 மீட்டர், தளத்தின் உயரம் 0.9 மீட்டர், சரிவு சுமார் 21 பாகை. சாலையில் இழுபடும் டயருக்கு உராய்வு 0.7, இரும்பு ராம்பில் 0.5 என்று வைத்தால், பின்பாதிக்கு 0.77 டன், முன்பாதிக்கு 0.9 டன். மொத்தம் ஏறத்தாழ 1.7 டன். கொஞ்சம் வெட்டி இழுத்தது என்றே வைத்துக்கொண்டாலும், 4 டன் வின்ச் அந்த 4 டன்னை, கயிறு சுற்றும் உருளையான டிரம்மின் அடி அடுக்கில் மட்டுமே கொடுக்கும். மேலே போகப் போக இழுவை குறையும். ஆக, அறுந்த நேரத்தில் அந்த ஓரிடத்தில் கயிறு தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. பெரும்பாலும் முக்கால் பங்கே போயிருக்கும்.

தரையில் விரித்தபோது தெரிந்தது

25 மீட்டரையும் நீட்டி வைத்து, அடி முதல் நுனி வரை விரலால் தடவிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. வெளுத்த திட்டுகள் கொக்கி முனையிலிருந்து சுமார் 6 மீட்டர் வரை மட்டுமே இருந்தன. அதற்கப்பால் நிறம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு திட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 40 செ.மீ. இடைவெளி. காரணம் டிரம்மில் இருக்கிறது. 64 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் நான்காவது அடுக்கின் சுற்றளவு கிட்டத்தட்ட 40 செ.மீ. வேலை முடிந்ததும் கொக்கியைத் தளத்தில் உள்ள அதே வளையத்தில் மாட்டுகிறார்கள். எனவே ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றின் அதே பகுதி வானத்தைப் பார்த்து நிற்கிறது. மாதக்கணக்கில் அந்தத் துண்டுகளே வெயில் வாங்கியிருக்கின்றன.

இங்கேதான் வழக்கு திரும்புகிறது. வேனை இழுத்தபோது தளத்தின் 5 மீட்டரும் பின்னால் 1.6 மீட்டரும் சேர்ந்து கயிறு 6.6 மீட்டர் வெளியே இருந்தது. அதாவது வெளுத்த திட்டுகள் அனைத்தும், சுமார் 15, ஒரே நேரத்தில் அதே 1.7 டன்னைச் சுமந்தன. அறுந்தது ஒன்றுதான். வெயில் மட்டுமே காரணம் என்றால் மற்ற 14 திட்டுகளும் அறுகிற நிலைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மேற்புற இழைகள்தான் நொறுங்கின. புரியின் உட்பக்கம் பளபளப்பு மாறாமல் இருந்தது. எச்.எம்.பி.இ. வெயிலைத் தாங்குவதில் மோசமான இழை அல்ல. மேலே கெட்டுப்போன இழைகளே உள்ளே இருப்பவற்றுக்கு நிழல் கொடுக்கும். கயிறு மெலிதாக மெலிதாக இந்த நிழல் குறையும். 5, 6 மி.மீ. கயிற்றுக்கு வெயில் பெரிய எதிரி, 10 மி.மீ. கயிற்றுக்கு அது மெதுவாகக் கொல்லும் எதிரி.

அறுந்த முனையில் இழைகள் ஒரே நீளத்தில் இல்லை. குட்டையும் நெட்டையுமாக, தேய்ந்து தேய்ந்து தனித்தனியாக விட்டுப்போனவை. கத்தி பட்டிருந்தால் முனைகள் சமமாக இருக்கும். சூட்டில் போயிருந்தால் இழைகள் உருகி மணிமணியாக ஒட்டியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. தேய்மானம் கொக்கியிலிருந்து 1.3 முதல் 1.9 மீட்டர் வரை, கயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும். 12 புரியில் 5 புரி அந்தப் பக்கத்தில் முன்பே பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன.

இப்போது லாரிக்குப் போனால் விடை பின்விளிம்பில் இருக்கிறது. தளம் முடிந்து ராம்ப் தொடங்கும் இடத்தில் செக்கர் பிளேட் தகடு வெட்டிய வாக்கிலேயே விடப்பட்டிருந்தது. கம்பிக் கயிறு ஓடிய காலத்தில் அந்த முனையில் சிறு சிறு பள்ளமும் பிசிறும் விழுந்திருந்தன. வின்ச்சிலிருந்து வரும் கயிறு அந்த விளிம்பில் சுமார் 16 பாகை மடங்கித்தான் வண்டிக்கு இறங்குகிறது. 1.7 டன் இழுவையில் விளிம்பின் மேல் அழுத்தம் அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. முன்சக்கரம் ராம்பின் அடியைத் தொடும்போது இழுவை வளையம் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டரில் நிற்கும், சாதாரண கார் எதுவாக இருந்தாலும். அந்த இடத்தில்தான் வின்ச் திணறும், இழுவை ஏறும். ஒவ்வொரு வண்டிக்கும் அதே 1.6 மீட்டர், அதே விளிம்பு. இரும்புக் கயிற்றுக்கு இது பொருட்டில்லை. பிளாஸ்டிக் இழைக்கு இது அரம்.

வின்ச்சுக்கு முன்னால் கயிறு நுழைந்து வரும் ரோலரிலும் கம்பிக் கயிறு விட்ட பிசிறு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிசிறைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பஞ்சை ரோலர், டிரம் விளிம்பு, தளத்தின் முனை எல்லாவற்றின் மேலும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே கயிறும் மாட்டும்.

இதோடு ஒரு வாளி நீரில் கயிற்றின் ஒரு மீட்டரை ஊறவைத்து, புரிகளைத் தளர்த்திப் பிசைந்தபோது, அடியில் கரிய மண்டி தங்கியது: மணல், துரு, பிரேக் தூசி. பின்னலுக்குள் போன மணல், கயிறு இறுகித் தளரும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து அறுக்கும். வெளியே எவ்வளவு நல்ல உறை போட்டாலும் இந்தத் தேய்மானம் நிற்காது.

யாரும் பார்க்காத அடி அடுக்கு

டிரம்மோடு ஒட்டிய முதல் அடுக்கில் கயிறு தட்டையாகி மினுமினுத்தது. தட்டையாவது மட்டும் குற்றமில்லை. கையால் வளைத்து நெளித்தால் அமுங்கிய புரி மறுபடி உருண்டு, மென்மையாகிவிடும். பெரும்பகுதி அப்படியே ஆனது. ஒரு சாண் நீளம் மட்டும் எவ்வளவு நெளித்தும் இளகவில்லை, குச்சிபோல் விறைத்தது. அது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் அடையாளம். அதற்கு மருந்தில்லை.

இந்த வகை மின்சார வின்ச்சில் பிரேக் டிரம்முக்கு உள்ளே இருக்கிறது. காலியாக இழுக்கும்போது அது சும்மா இருக்கும். வண்டியை இறக்க, சுமையோடு கயிற்றை மோட்டாரால் வெளியே விடும்போது பிரேக் உரசி உரசித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அந்தச் சூடெல்லாம் டிரம்மில் ஏறும். எச்.எம்.பி.இ. 145 பாகை செல்சியஸ் அருகே உருகும். ஆனால் 65, 70 பாகையைத் தாண்டினாலே பலம் சரியத் தொடங்கும். அதற்கு மேல் வைத்து வேலை வாங்கக் கூடாது. காட்டில் சேற்றில் சிக்கிய ஜீப்பை இழுப்பவர் சுமையோடு இறக்குவது அபூர்வம். வண்டி ஏற்றும் லாரிக்கு அது அன்றாட வேலை. இந்த வேலைக்குக் கயிறு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கயிற்றைப் பற்றியது அல்ல, வின்ச்சின் பிரேக் எங்கே இருக்கிறது என்பதுதான்.

சரி செய்தது

பின்விளிம்பிலிருந்து தொடங்கியது. கிரைண்டரால் முனையை உருட்டுவது மட்டும் போதாது. தகட்டின் தடிமன் 4, 5 மி.மீ. என்றால் கிடைக்கும் வளைவும் அவ்வளவுதான். கயிறு மடங்கும் இடத்தின் விட்டம் கயிற்றைப்போல் 8 மடங்காவது இருக்க வேண்டும், 10 மி.மீ. கயிற்றுக்கு 80 மி.மீ. மூன்று அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 88.9 மி.மீ. அதைத் துருப்பிடிக்காத எஃகில், 40 செ.மீ. நீளத்தில் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை விளிம்பின் நடுவில் கவிழ்த்து மாட்டும்படி அடியில் கொக்கித் தகடு வைத்தார்கள். கல்வனைஸ் குழாய் வேண்டாம். துத்தநாகப் பூச்சின் சொரசொரப்பே கயிற்றுக்கு அரம். 120, 240, 400 என்று எமரித் தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, பஞ்சு வழுக்கும்வரை மெருகேற்ற வேண்டும்.

இந்தக் கவிழ்ப்பான் நிரந்தரமாக இருந்தால் தாழ்ந்த கார்களின் வயிறு இடிக்கும். அதனால் கழற்றி மாட்டுவது. இழுவை வளையம் விளிம்பை நெருங்கியதும் கயிறு தானே மேலெழும். அப்போது வின்ச்சை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கவாட்டில் நின்று அதை உருவிவிட்டுத் தொடரலாம். கயிற்றுக்கு நேர்ப்பின்னால் நிற்பது எந்தக் கட்டத்திலும் கூடாது. இழைக் கயிறு அறுந்தால் கம்பிக் கயிறுபோல் சீறாது என்பது உண்மை. அதன் நுனியில் இருக்கும் இரும்புக் கொக்கிக்கு அது தெரியாது.

ரோலரையும் மாற்றினார்கள். கம்பி ஓடிய ரோலரை மெருகேற்றிப் பயன்படுத்தலாம்தான். ஆனால் நான்கு ரோலர்கள் சந்திக்கும் மூலைகளில் மெல்லிய கயிறு போய்ச் சிக்கும். நேராக மட்டும் இழுக்கும் லாரிக்கு வாய் உருண்ட அலுமினிய ஹாஸ் (கயிறு நுழைந்து வரும் ஒற்றைத் துளைத் தகடு) போதும், அதில் சிக்க மூலையே இல்லை. ஒரு விதி: அலுமினிய ஹாஸ் வழியே அதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்கும் கம்பிக் கயிறு ஓடக்கூடாது. ஒரு நாள் ஓடினாலும் பள்ளம் விழும்.

அடுத்தது உறை. 2 மீட்டர் நீளமுள்ள நெய்த பாலியெஸ்டர் குழல். கயிற்றின் மேல் தாராளமாக நகர வேண்டும். கண் (கொக்கி மாட்டும் நுனி வளையம்) பின்னிய பிறகு உள்ளே நுழைக்க முடியாது, எனவே முதலில் உறையைக் கோத்துவிட்டுத்தான் கண் பின்ன வேண்டும். நைலான் உறையும் கிடைக்கிறது, தேய்மானம் நன்றாகத் தாங்கும். நீரைக் குடித்து வைத்துக்கொள்வதும் வெயிலில் பாலியெஸ்டரைவிடச் சீக்கிரம் தளர்வதும் அதன் குறை. உறையின் பெரிய ஆபத்து வேறு: அடியில் கயிறு தேய்வதை அது மறைத்துவிடும். வாரம் ஒருமுறை அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பார்க்காதவர்கள் உறையே போடாமல் இருப்பது மேல். முழுக் கயிற்றுக்கும் பாலியெஸ்டர் மேலுறை பின்னிய வகை கடலோர வேலைக்கு அருமையானது. ஆனால் 10 மி.மீ. கயிறு 12, 13 மி.மீ. ஆகிவிடும், 25 மீட்டர் டிரம்மில் அடங்காது.

இந்த லாரிக்கு 25 மீட்டர் ஒருபோதும் தேவைப்படவில்லை என்பதும் தெரிந்தது. வெளியே போகும் நீளம் பெரும்பாலும் 8, 9 மீட்டர்தான். எனவே எளிய வழி ஒன்று இருக்கிறது: கொக்கி முனையில் ஆறு மாதத்துக்கு ஒரு மீட்டரை வெட்டிவிட்டு மறுபடி கண் பின்னுவது. விளிம்பில் படும் இடமும், வானம் பார்க்கும் திட்டுகளும் ஒரேயடியாக இடம் மாறும். கயிறு 18 மீட்டருக்கு வரும்வரை இதைச் செய்யலாம். பாதி வழியில் ஒருமுறை கயிற்றை முனைமாற்றிப் போட்டால், டிரம் அடியில் கிடந்த பகுதி வெளியே வந்து வெளிச்சத்தில் சோதிக்கப்படும். விறைத்த துண்டு இருந்தால் முனைமாற்றும் முன் அதை வெட்டி எறிய வேண்டும், அது இழுக்கும் பக்கம் வரவே கூடாது.

கண் பின்னும்போது உள்ளே புதைக்கும் வால் கயிற்றுப் பருமனைப்போல் 72 மடங்கு, 10 மி.மீ.க்கு 72 செ.மீ. வாலின் கடைசிப் பகுதியில் புரிகளை ஒவ்வொன்றாக வெட்டி மெலிதாக்க வேண்டும், இல்லையென்றால் புதைத்த வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென்று இளைத்து அங்கேயே பலவீனப்படும். இந்த இழை வழுக்கும். சுமை இல்லாதபோது வால் நழுவி வெளியே வந்துவிடும், ஆகவே பூட்டுத் தையல் கட்டாயம். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். முடிச்சில் பாதிக்கு மேல் பலம் போகும், மீதிப் பாதியும் வழுக்கிப் போகலாம்.

சூட்டுக்கு: டிரம்மில் எப்போதும் குறைந்தது 10 சுற்று. முதல் அடுக்குக்கு மட்டும் வெப்பம் தாங்கும் அராமிட் உறை போட்ட கயிறு கிடைக்கிறது. அராமிடுக்கு வெயில் ஆகாது, ஆனால் அடி அடுக்கில் வெயில் படாது, அதனால் அதற்கு அதுவே சரியான இடம். வண்டியை இறக்கும்போது ஒரே மூச்சில் விடாமல் ஒன்றிரண்டு மீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் டிரம் பக்கத்தைக் குறிபார்த்து, 60 பாகை காட்டினால் ஆறவிட வேண்டும். காலிக் கயிற்றை வெளியே இழுக்க மோட்டார் வேண்டாம், கிளட்சை விடுவித்துக் கையால் இழுத்தால் போதும்.

கழுவுவதும் காய்வதும்

மாதம் ஒருமுறை. பெரிய தொட்டியில் சாதாரண நீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம். ஊறவைத்து, புரிகளைத் தளர்த்தித் தளர்த்திப் பிசைந்து, மண்டி வருவது நிற்கும்வரை நீரை மாற்ற வேண்டும். பிரஷர் வாஷர் மணலை வெளியே தள்ளாது, இன்னும் உள்ளேதான் திணிக்கும். ப்ளீச் வேண்டாம். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவினால் மணல் ஒட்டிக்கொண்டு தங்கும். படகு இறக்குமிடங்களில் வேலை செய்த நாளில் உப்பு நீரை அன்றே அலசிவிடுங்கள். உப்பு இழையைக் கரைக்காது, ஆனால் காய்ந்ததும் படிகமாகி மணல் செய்யும் வேலையைச் செய்யும், டிரம்மையும் துருவேற்றும்.

சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் நிழலில் காய இரண்டு நாள் ஆகலாம். மின்விசிறி உதவும், வெயிலும் உலர்த்தியும் வேண்டாம். மாற்றுக் கயிறு ஒன்று கையிருப்பில் இருந்தால்தான் இது நடைமுறையில் நடக்கும். மறுபடி சுற்றும்போது 200 கிலோ இழுவையாவது வைத்துச் சுற்ற வேண்டும்: லேசான சரிவில் ஒரு காரை நியூட்ரலில் விட்டு அதை இழுத்தபடி சுற்றினால் சரியாக வரும். தளர்வாகச் சுற்றினால் அடுத்த பெரிய சுமையில் மேல்கயிறு அடி அடுக்குக்குள் புதைந்து, உரசி, சிக்கிவிடும்.

கவர்

டிரைவர் கேட்ட கவரும் தைத்தாயிற்று. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருக்கும் ஊர் இது. புறஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே சாதாரணம். கடிகாரம் 1982 முதல் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே ஓடுவதால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு இல்லை, 1 மணி வாக்கில். ஆகவே மதிய உணவு நேரத்தில் லாரி திறந்தவெளியில் நிற்பதுதான் கயிற்றுக்கு மிக மோசமான நேரம், கவரைப் போட வேண்டிய நேரமும் அதுவே. இரவில் மட்டும் கவர் போட்டுப் பயனில்லை.

நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாய் இந்த வெயிலில் தானே பொடியாகி உதிரும், அந்தத் தூளும் கயிற்றில் ஏறும். பி.வி.சி. பூசிய துணி வெயிலை நன்றாக மறைக்கும். காற்று போகாததால் உள்ளே வியர்த்து மோட்டாரும் டிரம்மும் துருப்பிடிக்கும். நூலிலேயே சாயமேற்றிய அக்ரிலிக் கான்வாஸ் விலை கூடுதல், ஆனால் ஆவியை வெளியே விடும். எந்தத் துணியானாலும் அடிப்பக்கம் திறந்தும், இரு பக்கமும் வலை வைத்த காற்றுத் துளையோடும், வெளிர் நிறத்திலும் தைக்கச் சொல்லுங்கள். டிரம்முக்கும் கொக்கி வளையத்துக்கும் இடையே வெளியே கிடந்த 60 செ.மீ. கயிறு எந்தக் கவருக்குள்ளும் வராது. இந்த லாரியில் வளையத்தையே டிரம்முக்குப் பக்கத்தில் நகர்த்தி வெல்டு செய்துவிட்டார்கள். நிறம் வெளுப்பது சாயமும் மேற்பூச்சும் போவதால். அது மட்டுமே பலம் போனதற்குச் சான்று ஆகாது, வெளுக்காததும் பலத்துக்குச் சான்று ஆகாது.

எப்போது தூக்கிப் போடுவது

பொதுவான பஞ்சு கிளம்பல் பயப்பட வேண்டியதல்ல. அது முதல் சில வாரத்தில் எழும்பி நின்றுவிடும், உள்ளே இருப்பவற்றுக்குக் காப்பாகவும் ஆகும். பார்க்க வேண்டியது பருமன். டிரம் உள்ளடுக்கிலிருந்து வெயிலும் தேய்மானமும் படாத ஒரு புரியை ஊசியால் தூக்கி, சந்தேகமான இடத்துப் புரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால் பங்கு இளைத்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். 12 புரியில் ஒன்று முழுதாக அறுந்தால் 8 சதவீதம் போயிற்று. அடுத்தடுத்து இரண்டு அறுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். விறைத்து ஒட்டிய துண்டு எவ்வளவு சிறிதானாலும் அதே தீர்ப்பு. நல்ல நீளம், வெளியே போகும் 9 மீட்டருக்கும் டிரம்மில் இருக்க வேண்டிய 10 சுற்றுக்கும் போதாமல் போனால் கயிறு இந்த லாரிக்கு உதவாது.

கழித்த கயிற்றை முழுசாகக் குப்பையில் போட்டால், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துச் சுமை கட்டுவார்கள். பல் வைத்த கத்தரியால், வெட்டும் இடத்தில் டேப் சுற்றிக்கொண்டு, ஒரு மீட்டருக்கும் குறைந்த துண்டுகளாக்கிவிட்டுப் போடுங்கள்.